கணவாயைப் பார்த்து வீடு பிடிக்காதீர்கள்

மலையூரில் குடியேற நினைக்கும் சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் வரைபடத்தை உச்சியிலிருந்து கீழே வாசிக்கிறார்கள். முதலில் பேர் பெற்ற ஒரு கணவாய், பிறகு அதன் அடிவாரத்தில் ஓர் ஊர், கடைசியில் அந்த ஊரில் ஒரு வீடு. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் என்றால் பிராத்தோ ஊர்ப் பக்கமிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகள், 24 கிலோமீட்டர் ஏற்றம், 2,757 மீட்டர் உச்சி. பிரான்சின் ஆல்ப் டுயெஸ் ஏற்றம் என்றால் 21 வளைவுகள், 13.8 கிலோமீட்டர், சராசரி 8 சதவீதம். எண்களெல்லாம் மனப்பாடம். விடுமுறைக்கு இடம் தேட இந்த வாசிப்பு போதும். குடியிருக்க இடம் தேடுகிறவர் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். அந்தக் கணவாயை வருடத்துக்குப் பத்து முறை ஏறுவீர்கள். வீட்டு வாசலை ஒட்டிய மூன்று கிலோமீட்டரைப் போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று வருடத்துக்கு ஐந்நூறு முறை மிதிப்பீர்கள். அந்த மூன்று கிலோமீட்டர் சரியில்லை என்றால் இரண்டாம் வருடம் சைக்கிள் சுவரில் தொங்கும்.

ஆகவே இந்தக் கட்டுரை வாசலில் தொடங்குகிறது. உச்சிக்குப் போய்ச் சேருமா என்பது இரண்டாம் பட்சம்.

வேலைநாள் கணக்கு

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 200 வாட் விடாமல் மிதிக்கக்கூடிய, ஓரளவு பழகிய கால்கள். 8 சதவீத ஏற்றத்தில் அவரது வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். அதே சக்தியில் சமதளத்தில் 30 கிலோமீட்டரைத் தாண்டுவார். மலையில் தூரம் என்ற சொல்லுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. அங்கே எல்லாவற்றையும் நேரத்தால்தான் அளக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் முன் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஊரைவிட்டு வெளியேறும் எல்லாச் சாலையும் எடுத்த எடுப்பிலேயே 8 சதவீதம் ஏறுகிறது என்றால், நாற்பது நிமிடம் ஏறி ஏழு கிலோமீட்டர் போவீர்கள், பன்னிரண்டு நிமிடத்தில் இறங்குவீர்கள், முடிந்தது. அந்த ஊரில் உங்களுக்கு உள்ள உலகம் ஏழு கிலோமீட்டர் ஆரம். வெளியேறும் சாலை ஒன்றுதான் என்றால் வாரத்தில் ஐந்து நாளும் அதே ஏழு கிலோமீட்டர், அதே மதகு, அதே நாய். நான்கு சாலைகள் இருந்தால் வாழ்க்கையே வேறு.

அதனால் முதலில் எண்ண வேண்டியது ஊரிலிருந்து புறப்படும் சாலைகளை. தார் போட்டவை எத்தனை, மண்சாலைகள் எத்தனை, அவற்றில் எத்தனை வேறொரு சாலையோடு சேர்ந்து வட்டமாகத் திரும்பி வருகின்றன, எத்தனை மலையில் முட்டி நின்றுவிடுகின்றன. பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் உள்ள ஊர் படத்தில் அழகாக இருக்கும்; சாலை அங்கே செத்துவிடும். மூன்று பள்ளத்தாக்குகள் கூடும் இடத்தில் உள்ள ஊர் பார்க்கச் சுமாராக இருக்கலாம், சரக்கு லாரி நிற்கும் மைதானம்கூட நடுவில் இருக்கலாம். சைக்கிளுக்கு அந்த இரண்டாவது ஊர்தான்.

குளிர்காலத்தில் மூடப்படும் கணவாய்களைக் கழித்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். ஆல்ப்ஸில் 2,000 மீட்டரைத் தாண்டும் உயரமான கணவாய்கள் பல, பனி விழத் தொடங்கினால் வசந்தத்தின் கடைசிவரை திறக்கா. ஆல்ப்ஸின் மிக உயரமான தார்ச்சாலைக் கணவாயான இஸெரான், 2,764 மீட்டர், பெரும்பாலும் ஜூன் வாக்கில்தான் திறக்கும். ஜூலையில் நான்கு வழி உள்ள ஊர் ஜனவரியில் ஒற்றை வழி ஊராக ஆகலாம். நீங்கள் குடியிருக்கப் போவது இரண்டிலும்.

இன்னொன்றும் வேண்டும்: சமதளம். ஆற்றங்கரையை ஒட்டி 2 சதவீதத்துக்குள் ஏறி இறங்கும் 12 முதல் 15 கிலோமீட்டர் சாலை ஒன்றாவது இருக்க வேண்டும். மலைப்பித்துப் பிடித்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் களைத்த நாளில் கால்களை லேசாகச் சுழற்ற, காய்ச்சல் விட்டு எழுந்த வாரத்தில் மெல்லத் தொடங்க, வீட்டில் உள்ள மற்றவர்களோடு சேர்ந்து போக அந்தத் தட்டைச் சாலைதான் உதவும். 9 சதவீத ஏற்றத்தில் மெதுவாகப் போவது என்று ஒன்று கிடையாது. மெதுவாகப் போனால் சைக்கிள் சாய்ந்துவிடும்.

சரிவை அளப்பது

சராசரிச் சரிவை நம்பி ஏமாறாதவர் குறைவு. பத்து கிலோமீட்டருக்குச் சராசரி 6 சதவீதம் என்று எழுதியிருக்கும். நடுவில் ஒரு கிலோமீட்டர் இறக்கமும் இரண்டு கிலோமீட்டர் சமதளமும் இருந்தால், மீதி ஏழு கிலோமீட்டர் 9 சதவீதம் பக்கம் வந்துவிடும். கேட்க வேண்டியது, மிகச் செங்குத்தான ஒரு கிலோமீட்டர் எவ்வளவு, அது எங்கே வருகிறது என்பதைத்தான்.

செயலிகள் காட்டும் உயரப் படத்திலும் ஒரு பொறி உண்டு. பல செயலிகளின் அடிப்படை 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடாரால் எடுத்த உயர அளவுகள். அவற்றில் புள்ளிக்குப் புள்ளி சுமார் 30 மீட்டர் இடைவெளி. மலைச்சுவரைக் குடைந்து போகும் சாலையில், ஒரு புள்ளி சாலையில் விழும், அடுத்தது சாலைக்கு மேலுள்ள பாறையில் விழும். உடனே படத்தில் 24 சதவீதம் என்று ஒரு முள் நீட்டிக்கொண்டு நிற்கும். உண்மையில் அங்கே 6 சதவீதம் இருக்கும். சுரங்கத்திலும் பாலத்திலும் இதே குளறுபடிதான். கொண்டை ஊசிகள் நெருக்கமாக உள்ள இடத்தில் முள் கண்டால் பயப்பட வேண்டாம். நேரான சாலையில் 300 மீட்டருக்கு மேல் நீளும் 14 சதவீதத்தைக் கண்டால் அதை நம்புங்கள். நேரில் போய்க் காற்றழுத்த உயரமானி உள்ள கருவியோடு ஒருமுறை ஏறினால் சந்தேகம் தீரும்.

கியரையும் சேர்த்துத்தான் சரிவைப் பேச வேண்டும். அதே 200 வாட், அதே 80 கிலோ. 12 சதவீதத்தில் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சம். முன்பல்சக்கரத்தில் 34 பல், பின்னே 28 பல் என்றால் பெடல் நிமிடத்துக்கு 47 சுற்று. முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கும். பின்னே 34 வைத்தால் 57. முன்னே 30, பின்னே 36 என்றால் 68 சுற்று, அதாவது உட்கார்ந்தபடியே ஏறலாம். வாரத்துக்கு ஒருமுறை 12 சதவீதம் ஏறுகிறவர் எழுந்து நின்று மிதித்துச் சமாளிப்பார். வீட்டுக்குப் போகிற வழியே 12 சதவீதம் என்றால் அது தினப்படி. முன்பல்சக்கரத்தையும், பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான காசெட்டையும் மாற்றியே ஆக வேண்டும். பின் கியர் மாற்றி 36 பல்லை ஏற்குமா, செயின் நீளம் போதுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நீளம் போதாத செயினைப் பெரிய பல்சக்கரங்கள் இரண்டிலும் ஏற்றினால் கியர் மாற்றி பிய்ந்து வரும்.

கடையிலிருந்து பையில் பத்து கிலோ சாமான் ஏற்றினால் 80 கிலோ 90 ஆகும். ஏற்றத்தில் அது எட்டில் ஒரு பங்கு கூடுதல் பாரம். மேட்டுத் தெருவில் வீடு பார்ப்பவர்கள் காலிச் சைக்கிளோடு ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அரிசி மூட்டையோடு ஏறிப் பாருங்கள்.

ஏறும்போது ஐந்து மடங்கு

போக்குவரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஏற்றத்தையும் போக்குவரத்தையும் பெருக்கிப் பார்ப்பவர் குறைவு. ஒரு திசையில் மணிக்கு 120 வாகனங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சாலை ஒன்று. சமதளத்தில் 30 வேகத்தில் பத்து கிலோமீட்டர் போக உங்களுக்கு இருபது நிமிடம். அதற்குள் உங்களை முந்துபவை இருபது வாகனங்கள். அதே பத்து கிலோமீட்டரை 10 வேகத்தில் ஏற ஒரு மணி நேரம், முந்துபவை நூறு. சாலை அதே, வண்டிகள் அதே, முந்தல் மட்டும் ஐந்து மடங்கு. ஒவ்வொரு முந்தலிலும் உங்களுக்கும் அந்த வண்டிக்கும் 50 கிலோமீட்டர் வேக வித்தியாசம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று இருவருக்கும் தெரியாது.

எனவே எண்ணிக்கை எடுக்க நிற்கும்போது ஏறும் பக்கம் நில்லுங்கள். வேலைநாள் காலை 8 மணிக்குக் கால் மணி நேரம், சனிக்கிழமை 11 மணிக்குக் கால் மணி நேரம், நான்கால் பெருக்கினால் மணிக்கணக்கு வந்துவிடும். ஏறும் திசையில் மணிக்கு 60க்குள் என்றால் நிம்மதியான சாலை. 150ஐத் தாண்டி, ஓரத்தில் ஒரு மீட்டர் தளமும் இல்லை என்றால் அந்தச் சாலையை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். சனிக்கிழமை எண் வேலைநாளைப் போல நான்கு மடங்கு வருகிறதா? அது மோட்டார் சைக்கிள்களும் சுற்றுலா வண்டிகளும் வரும் கணவாய். வார இறுதியில் விடிகாலையில் மட்டுமே அது உங்களுடையது.

லாரிகள் எந்த வழியாகப் போகின்றன என்று தனியே விசாரியுங்கள். சரக்குப் போக்குவரத்து எப்போதும் தாழ்ந்த கணவாயையோ சுரங்கத்தையோ தேடும். சுரங்கம் திறந்த பிறகு கைவிடப்படும் பழைய சாலைதான் சைக்கிளுக்குப் புதையல். சுவிட்சர்லாந்தில் 1980இல் 16.9 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டார்ட் சாலைச் சுரங்கம் திறந்தபின் கனரக வண்டிகள் மலைக்குள் போய்விட்டன. தெற்குப் பக்கம் கல் பாவிய பழைய திரெமோலா சாலை இன்று சைக்கிள்காரர்கள் தேடி வந்து ஏறும் இடம். நேர்மாறாக, பழைய சாலை மண்சரிவில் போய், சுரங்கம் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஊரும் உண்டு. அந்தச் சுரங்கத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்றால் அந்தத் திசையே உங்களுக்கு இல்லை. வரைபடத்தில் கோடு தொடர்ச்சியாகத்தான் தெரியும்.

காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம்

வீடு பார்க்கப் போகிறவர்கள் கிட்டத்தட்ட யாருமே கேட்காத கேள்வி இது. மலைப் பள்ளத்தாக்கில் தெளிந்த நாட்களில் காற்றுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. பகல் வெயிலில் சரிவுகள் சூடேற, பள்ளத்தாக்கின் வாயிலிருந்து மேல்நோக்கிக் காற்று இழுபடும். முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். இரவில் சரிவுகள் குளிர, கனத்த காற்று கீழ்நோக்கி வழியும்; காலைவரை வழிந்துகொண்டிருக்கும். இத்தாலியின் கார்தா ஏரியில் இந்த இரண்டுக்கும் பெயரே வைத்திருக்கிறார்கள்: காலையில் வடக்கிலிருந்து பெலேர், பிற்பகலில் தெற்கிலிருந்து ஓரா.

இப்போது இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பள்ளத்தாக்கின் மேல் பாதியில் இருக்கிறது. காலையில் புறப்பட்டுக் கீழே போகிறீர்கள், வழியும் காற்று முதுகில். பிற்பகல் திரும்பி மேலே வருகிறீர்கள், ஏறும் காற்று மறுபடி முதுகில். இன்னொன்று பள்ளத்தாக்கின் வாயில். காலையில் மேலே போகிறீர்கள், எதிர்காற்று. பிற்பகல் கீழே திரும்புகிறீர்கள், அப்போதும் எதிர்காற்று. இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும். இரண்டு ஊருக்கும் இடையே இருபது கிலோமீட்டர்தான் இருக்கும், மலை அதே மலைதான். மேல் பாதி ஊருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

கோடையில் பிற்பகல் இடிமழையும் இதே வெப்பக் காற்றின் வேலைதான். உச்சிக்கு நண்பகலுக்கு முன் ஏறி இறங்கிவிட முடிகிற தொலைவில் கணவாய் இருப்பது நல்லது. மின்னலில் மரமில்லாத மேட்டில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடம் இருக்காது.

வெயில், நிழல், குளிர் தேங்கும் குழி

இடுங்கிய பள்ளத்தாக்கில் குளிர்காலச் சூரியன் மலைக்குப் பின்னாலேயே நகர்ந்து போய்விடும். நார்வேயின் ரியூக்கான் ஊரில் வருடத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் நேர் வெயில் விழாது. 2013இல் மலைமேல் கண்ணாடிகள் நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பினார்கள். இத்தாலியின் விகனெல்லா 2006லேயே அப்படி ஒரு கண்ணாடியை வைத்துவிட்டது. இவை உச்சபட்ச உதாரணங்கள். ஆனால் டிசம்பரில் பதினொரு மணிக்கு வெயில் வந்து இரண்டு மணிக்குப் போய்விடும் தெருக்கள் எத்தனையோ மலையூர்களில் உண்டு. அதே ஊரில் எதிர்ச்சரிவில் நாள் முழுக்க வெயில் அடிக்கும்.

சைக்கிளுக்கு இது சாலையின் கேள்வி. வட அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த சரிவில் போகும் சாலையில் உறைந்த ஈரம் நண்பகல்வரை விலகாது. தென் அரைக்கோளத்தில் தெற்கு பார்த்த சரிவில். பாலத்தின் மேல்தளம் கீழேயும் குளிர்வதால் மற்ற சாலைக்கு முன்பே உறையும். வரைபடத்தில் உங்கள் நான்கு சாலைகளும் எந்தத் திசை பார்த்த சரிவில் போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் பக்கம் போகும் சாலை ஒன்றாவது இருந்தால்தான் குளிர்காலத்தில் தார்ச்சாலையில் ஓட்ட முடியும்.

காற்றில்லாத தெளிந்த குளிர் இரவுகளில் கனத்த குளிர்காற்று அடிவாரத்தில் குட்டைபோல் தேங்கும். அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். மூடிக்குக் கீழே பனிமூட்டம், உறைபனி, வீடுகளில் விறகு எரித்த புகை எல்லாம் அடைபட்டுக் கிடக்கும். மலைக்காற்று என்று நம்பி வந்தவர் ஜனவரி காலையில் நகரத்தைவிட மோசமான புகையை ஆழ இழுத்து மூச்சுவிடுவார். ஏற்றத்தில் மூச்சு பல மடங்கு வேகமாக ஓடும் என்பதால் அது நுரையீரலுக்கு இரட்டைக் கேடு. விடிகாலையில் ஊருக்கு மேலே ஒரு வளைவில் நின்று பாருங்கள். புகை ஒரு மட்டத்தில் கத்தியால் வெட்டியதுபோல் படுத்திருந்தால், வீடு அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அடிவாரத்திலிருந்து ஐம்பது, நூறு மீட்டர் உயரத்திலேயே பல இடங்களில் இரவு வெப்பம் சில டிகிரி கூடுதலாக இருக்கும். வெள்ளத்துக்கும் அந்த உயரம் நல்லது. ஆனால் அங்கே ஏறும் தெரு 7 சதவீதத்தைத் தாண்டாததாகப் பாருங்கள். இல்லாவிட்டால் முன்பு சொன்ன அரிசி மூட்டைப் பிரச்சினை.

உயரம் எவ்வளவு

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரி 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே நீண்ட ஏற்றத்தில் உங்கள் வாட் எண்ணிக்கை குறைவதைக் கருவியே காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழகும், முழுதாக ஈடுகட்டாது.

தொழில்முறை வீரர்கள் ஸ்பெயினின் தெனெரிஃபே தீவின் தெய்தே எரிமலையில் 2,000 மீட்டருக்கு மேல் போய்த் தங்குகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் தங்குவது மேலே, கடும் பயிற்சிக்குப் பெரும்பாலும் கீழே இறங்குகிறார்கள். ஆய்வாளர்கள் லெவைனும் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் ஓட்டக்காரர்களை 2,500 மீட்டரில் வசிக்கவிட்டு 1,250 மீட்டரில் பயிற்சி செய்யவைத்தார்கள்; பலன் கிடைத்தது அந்தப் பிரிவுக்குத்தான். வேலைக்கும் போய்க்கொண்டு சைக்கிளும் ஓட்டுகிறவர் தினமும் 1,250 மீட்டர் இறங்கி ஏற முடியாது. 600 முதல் 1,300 மீட்டருக்குள் உள்ள ஊரே நிரந்தர வாசத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. உயரமான கணவாய் எட்டும் தூரத்தில் இருக்கும், தூக்கமும் கடும் பயிற்சியும் கெடாது, பனிக்காலம் நீளாது.

இறக்கமும் பிரேக்கும்

மலையில் சைக்கிள் எங்கே கெடும் என்று தெரிந்தால் ஊரில் என்ன வேண்டும் என்பதும் தெரியும். 8 சதவீத இறக்கத்தை மணிக்கு 25 கிலோமீட்டரில் பிரேக்கை இழுத்துப் பிடித்தே இறங்கினால் பிரேக்குக்குள் போகும் சக்தி சுமார் 340 வாட். பழைய குண்டு பல்புகள், 100 வாட் உள்ளவை, மூன்றுக்கு மேல், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் பிரேக்கின் சின்ன இரும்புத் தட்டுக்குள் எரிவதுபோல. வேகத்தைக் கூடவிட்டால் காற்றே பெரும்பங்கு பிரேக் போடும். அதனால் நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து, மறுபடி விட்டால் தட்டு ஆற நேரம் கிடைக்கும். வீட்டுக்கு இறங்கும் சாலை குறுகலாய், இருபுறமும் வாசல்களும் குழந்தைகளுமாய் இருந்தால் விட்டுப் பிடிக்கும் வாய்ப்பே இல்லை. அந்தத் தெருவில் பிரேக் பேடு, அதாவது தட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டை, மாதக்கணக்கில் வராது.

ரெசின் பேடு சத்தம் போடாது, ஈரத்திலும் மணலிலும் சீக்கிரம் கரையும். ஒரே மழைநாள் இறக்கத்தில் புதுப் பேடு தகடுவரை தேய்ந்துபோவதும் உண்டு. உலோகத்தூள் அழுத்திச் செய்த பேடு கத்தும், வெப்பத்தைத் தாங்கும், நீடிக்கும். மழை மலைக்கு இரண்டாவதுதான். டிஸ்க் தட்டு அந்தப் பேடை ஏற்குமா என்று தட்டிலேயே பொறித்திருக்கும். ஷிமானோ தட்டு புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஹைட்ராலிக் பிரேக்கில் அழுத்தத்தைக் கடத்தும் டாட் 5.1 திரவம் புதிதில் 260 டிகிரிவரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் இழுத்தபின் அந்த வரம்பு 180 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் லீவர் கைப்பிடிவரை போய் ஒட்டும், பிரேக் இருக்காது. மலையூரில் வருடத்துக்கு ஒருமுறை திரவம் மாற்றுங்கள்.

பட்டறை பக்கத்தில் இருந்தால் பாக்கியம். பெரும்பாலான சின்ன ஊர்களில் இருக்காது, இருந்தாலும் உங்கள் சைக்கிளுக்கான சாமான் இருக்காது. வீட்டில் வைத்திருக்க வேண்டியவற்றில் முதலிடம் கியர் மாற்றி தொங்கும் அலுமினிய ஹேங்கருக்கு. அது பெரும்பாலும் சட்டகத்துக்குச் சட்டகம் வேறு வடிவம். அப்படியானால் வேறு எதுவும் பொருந்தாது. ஒருமுறை சாய்ந்து விழுந்தால் வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்தி ஓட்டினால் ஒருநாள் கியர் மாற்றி ஆரக்கம்பிக்குள் போய்விடும். இரண்டு வாங்கி வையுங்கள். அதோடு நான்கு ஜோடி பேடு, ஒரு தட்டு, உங்கள் சக்கர நீளத்துக்கு இடம் வலம் இரண்டு வகை ஆரக்கம்பிகள், செயினும் அதன் இணைப்புக் கண்ணியும், ஒரு டயர். செயின் அளவுகோல் 0.5 காட்டியதும், அதாவது செயின் தேய்ந்து அரை சதவீதம் நீண்டதும், 11, 12 வேகச் செயினை மாற்றிவிட்டால் காசெட் பிழைக்கும். ஏற்றத்தில் முழுப் பாரமும் செயின்மேல்; உப்புத் தூவிய குளிர்காலச் சாலை அதை இன்னும் வேகமாகத் தின்னும்.

சட்டகத்தில் அகலமான டயருக்கு இடம் இருக்கிறதா என்பதையும் குடிபோகும் முன்பே பாருங்கள். உறைபனிக்கான ஆணி பதித்த டயர்கள் பெரும்பாலும் 35 மில்லிமீட்டரிலோ அதற்கு மேலோதான் கிடைக்கும், பழைய ரேஸ் சட்டகங்களில் நுழையாது. சாலை வெடிப்புக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து ஒன்பது சதவீதம் பருத்து, இளகி, மறுபடி உறையும். பனிக்காலம் முடிகையில் மலைச்சாலை எங்கும் குழிகள். 32 மில்லிமீட்டர் டயர் அந்த இரண்டு மாதத்தை ஓட்டக்கூடியதாக ஆக்கும்.

இறக்கத்தில் குளிரும் வேறு கணக்கு. 5 டிகிரி வெப்பத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரில் இறங்கினால் தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி. ஏறும்போது வேர்வையில் நனைந்த உடம்பு. கை விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது. சட்டைப்பையில் காற்றுமறைப்பு மேலங்கி, முழுவிரல் கையுறை எப்போதும் இருக்கட்டும்.

ரயில் நிலையம் உள்ள ஊருக்குத் தனி மதிப்பு உண்டு, சைக்கிளை ஏற்ற அனுமதித்தால். நூறு கிலோமீட்டர் ஒரே திசையில் போய், உடைந்தாலோ நனைந்தாலோ களைத்தாலோ ரயிலில் திரும்பலாம். உங்கள் உலகம் வட்டமாக இல்லாமல் நீளமாகவும் விரியும். எலும்பு முறிவைப் பார்க்கும் மருத்துவமனை எத்தனை நிமிடத்தில், கைபேசிச் சிக்னல் எந்த வளைவுகளில் இல்லை என்பதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

முன்கூட்டி இரண்டு வாரம்

மிக அழகான மாதத்தில் போகாதீர்கள். மோசமான மாதம் எது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு அப்போது போய் இரண்டு வாரம் தங்குங்கள். பனி இளகும் காலமோ மழை விடாத காலமோ, எதுவானாலும். சுற்றுலா ஓய்ந்த அந்த நாட்களில் எந்தக் கடை திறந்திருக்கிறது, தெருவில் யார் மிச்சமிருக்கிறார்கள் என்பது தெரியும். ஓட்டுவதற்குத் துணை கிடைக்குமா என்பதும் அப்போதுதான் தெரியும். ஜூலையில் பார்க்கும் ஐம்பது சைக்கிள்காரர்களும் வேறு ஊர்க்காரர்கள்.

முதல் மூன்று நாள் நான்கு சாலைகளையும் ஒவ்வொன்றாக, ஒரு மணி நேரத்துக்குள் போய் வாருங்கள். நீண்ட பயணம் வேண்டாம். நான்காம் நாள் காலை ஆறரைக்கும் மாலை நான்குக்கும் ஒரே சாலையில் போய்க் காற்றின் திசையைக் குறியுங்கள். சனிக்கிழமை வாகனம் எண்ணுங்கள். மழை பெய்யும் ஒரு மாலையில், விளக்குப் போட்டு, பையில் பத்து கிலோவோடு, வாடகைக்குப் பார்த்த வீட்டு வாசல்வரை ஏறுங்கள். அதையே மறுநாள் கால் வலியோடு செய்யுங்கள். இரண்டாம் வாரம் எதையும் திட்டமிடாமல் விடுங்கள். எத்தனை நாள் தானாகச் சைக்கிளை எடுத்தீர்கள் என்று எண்ணுங்கள். ஏழில் இரண்டு என்றால் அடுத்த ஊரைப் பாருங்கள்.

வீட்டை இறுதி செய்யும்போது படியேறாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் இடம் தரைத்தளத்தில் இருக்கிறதா, அங்கே தண்ணீர் வடியும் தளம் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் உப்பும் சேறும் கழுவாமல் இரவு முழுக்க நின்றால் செயின் காலையில் சிவந்திருக்கும். வெளிச்சுவரில் உள்ள குழாய் உறையும் ஊரில் கழுவுவது வீட்டுக்குள்தான் நடக்கும். வெளிக்குழாய்தான் உள்ளது என்றால், உள்ளிருந்து மூடி வடித்துவிடும் வால்வு அதற்கு உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இல்லை என்றால் பனி தொடங்கும் முன் போடச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.